வலது காலின் விடுதலை

மனித குலத்தின் வரலாற்றில் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கும் அடுத்தபடியான மகத்தான நிகழ்ச்சி, மனிதனின் வலது கால் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதுதான் என்று சீதாராமன் பிரகடனம் செய்தார். ஜமுக்காளத்தில் வெகுநேரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்ததில் அவருடைய வலது கால் அப்போது மரத்துப்போயிருந்தது. அதை இரண்டு கைகளாலும் தூக்கி முன்னால் நீட்டி வைத்து, "அப்பாடா" என்று தேய்த்துக்கொண்டே பிரகடனத்தின் பிற்பகுதியைச் சொல்லி முடித்தார்.

இடம், பாலிகஞ்சில் திருவேங்கடத்தின் வீட்டு ஹால். சந்தர்ப்பம், தென் கல்கத்தா கான சபாவின் கமிட்டிக் கூட்டம். மூவலூர் பாகவதரின் வருடாந்தரக் கச்சேரிக்கு ஏற்பாடுகள் செய்வதற்காகக் கூடியிருந்தார்கள். ஆனால் கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து பாகவதரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வாசலில் நின்றிருந்த சீதாராமனின் காரைப் பற்றித்தான் பேசினார்கள்.

சீதாராமன் மாயவரத்துக்காரர். கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் தளத்தில் இன்ஜினியர். பயிற்சிக்காக அமெரிக்கா போயிருந்தவர், திரும்பும்போது தாம் அங்கே ஓட்டிய காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பாசிப்பயறு நிறம். ஸ்டியரிங் இடது பக்கம். நீளம் எவ்வளவு என்றால், கரியாஹாட் முக்கில் அது திரும்பும்போது முகப்பு ஒரு தெருவிலும் வால் இன்னொரு தெருவிலும் இருக்கும். நடுவில் இருக்கும் பகுதியை இரண்டு தெருக்காரர்களும் நின்று பார்ப்பார்கள்.

"க்ரூஸ் கண்ட்ரோல்னு பேரு" என்றார் சீதாராமன். "நமக்கு வேணுங்கற ஸ்பீட் வந்தவுடனே ஒரு பட்டனை அழுத்தினாப் போறும். காலை எடுத்துடலாம். கார் அதே ஸ்பீட்ல போயிண்டே இருக்கும். மேடு வந்தா அதுவே கொஞ்சம் ஜாஸ்தி பெட்ரோல் குடிச்சுக்கும், இறக்கம் வந்தா கம்மி பண்ணிக்கும். நயாகரா வரைக்கும் நான் சப்பணம் போட்டுண்டே ஓட்டியிருக்கேன், ஓய்!"

"பந்தியில உக்கார்ற மாதிரியா?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"அதே மாதிரி. இலை ஒண்ணுதான் பாக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். திருவேங்கடம் சிரிக்கவில்லை. தம் கேள்விக்கு வந்த சிரிப்பு இன்னொருவர் பதிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது அவருக்கு உறுத்தியது.

சபாவின் காரியதரிசி நாகரத்தினம் தஞ்சாவூர்க்காரர். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பரின்டென்ட். சொந்த வாகனம் கிடையாது. டிராமில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். அவர் கேட்டார்: "முன்னாடி போற வண்டி மெதுவாப் போனா உங்க வண்டியும் தானா மெதுவாப் போகுமா சார்?"

"அது முடியாது. நாமதான் பிரேக் போடணும். பிரேக்கைத் தொட்டா பட்டன் விட்டுடும். முன்வண்டியைப் பாத்து அதுவே ஸ்பீடைக் குறைச்சுக்கறதுக்கும் ஒரு மிஷின் பண்ணப் பாக்கறாளாம். எப்போ வருமோ!"

"அது நம்ம ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சு சார். முன்னாடி ஒரு கைவண்டி போனாப் போதும். சியால்தா வரைக்கும் அத்தனை வண்டியும் தானா அதே ஸ்பீடுதான்."

மறுபடியும் சிரிப்பு. அது அடங்குவதற்குள் நாகரத்தினம், பூனையைத் தூக்கி மடியில் விடுவது போல, சாதாரணமாக ஒன்று சொன்னார்: "இந்த வருஷம் பாகவதரை ஹவுராவிலேர்ந்து சீதாராமன் சார் வண்டியில அழைச்சிட்டு வந்தா என்ன?"

திருவேங்கடத்தின் கையிலிருந்த டவராவில் காபி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

திருவேங்கடம் கார்டன் ரீச்சிலுள்ள ரயில்வே தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அதிகாரி. தாமே கழுவி, தாமே ஓட்டும் வெள்ளை அம்பாசடர் ஒன்று வைத்திருந்தார். சபாவில் அதுவரை சொந்தக் கார் உள்ளவர் அவர் ஒருவர்தான். வருடம் தவறாமல் பாகவதரை ஹவுரா ஸ்டேஷனிலிருந்து தம் பக்கத்து சீட்டில் உட்கார்த்தி அழைத்து வருவார். ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணியை அவர் ஒரு வருடம் முழுக்க வைத்துக்கொண்டு சாப்பிடுவார். யாராவது தோடியைப் பற்றி வாயைத் திறந்தால், "கார்ல வரச்சே பாகவதர் எங்கிட்ட சொன்னார்" என்பார். விவாதம் முடிந்துவிடும். சங்கீதம் கற்றவர்கள்கூட அதற்கு மேல் பேசமாட்டார்கள். அவர்கள் யாரும் அந்தக் காரில் இருக்கவில்லை. திருவேங்கடத்துக்கு ஸ்வரஸ்தானம் தெரியாது. தாளம் தொடையை விட்டு விலகிப் போகும். கமிட்டியில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்த முன் சீட்டில்தான் இருந்தது. அது இப்போது பாசிப்பயறு நிறக் காருக்குப் போவதாக இருந்தது.

"பேஷா பண்ணலாம்" என்றார் திருவேங்கடம். "ஆனா, பாகவதர் உசிரு நம்ம பொறுப்பு. யாரோட காலும் இல்லாமப் போற வண்டியில அவரை ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தரம் பரீட்சை பண்ணிப் பாக்க வேண்டாமா?"

"தாராளமா! ஞாயித்துக்கிழமை ரெட் ரோடுக்குப் போவோம்" என்றார் சீதாராமன். "முப்பது மைலுக்குக் கீழே அந்தப் பட்டன் பிடிக்காது. கல்கத்தாவில முப்பது மைல் போறதுக்கு வேற ரோடு ஏது?"

உண்மைதான். மெட்ரோவுக்காகச் சௌரங்கியைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. மற்ற ரோடுகளில் டிராம், ரிக்ஷா, ஊர்வலம். ஆக, நயாகரா வரைக்கும் போகக்கூடிய அந்த மகத்தான விடுதலை, கல்கத்தாவில் மைதானத்துக்கு நடுவே ஒரே ஒரு ரோட்டில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் செல்லுபடியாகும். இதை நினைத்துத் திருவேங்கடம் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். பொறாமைப்படுகிறவனுக்கு அந்த மாதிரிக் கணக்கு வராது; கணக்குப் பிரிவில் இருந்தாலும்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவர் மகள் பாப்பா, பி.ஏ. முதல் வருஷம், "சீதாராமன் காகுவோட காடி தாருண், அப்பா!" என்றாள். காகு என்றால் சித்தப்பா. காடி என்றால் கார். தாருண் என்றால் பிரமாதம். பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் இருக்கும் அந்தப் பெண், அப்பாவின் அம்பாசடருக்கு இதுவரை எந்த மொழியிலும் அடைமொழி கொடுத்ததில்லை.

"காடியாம், காடி! கட்டை வண்டி மாதிரி நீளம். நிறத்தைப் பாரு, பத்தியச் சாப்பாடு மாதிரி."

"ஏன்னா, அதுல காலே வைக்க வேண்டாமாமே?" என்றாள் மனைவி பட்டு, மோர் விட்டுக்கொண்டே. "சீதாராமன் ஆத்து நீலாவதி சொன்னா. நீங்களும் தினம் ஆபீஸ்லேர்ந்து வந்து, வலது கால் கடுக்கறது, தைலம் தேய், தைலம் தேய்ங்கறேளே."

"எனக்கு ஒண்ணும் கால் கடுக்கலை!"

"நேத்திக்கு யாருக்குத் தேய்ச்சேன்?"

திருவேங்கடம் மோர் சாதத்தை முடிக்காமல் எழுந்தார். அன்று தைலம் கேட்கவில்லை. கால் கடுத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பெருமாளிடம், அந்தப் பட்டன் மட்டும் வேலை செய்யக் கூடாது என்று பிரார்த்தித்தார். பிறகு, பெருமாள் இந்த மாதிரிச் சில்லறைக் காரியங்களைக் கவனிப்பாரோ மாட்டாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. தடைகளை நீக்குகிறவர், மனம் வைத்தால் தடைகளை உண்டாக்கவும் செய்வார் என்ற நியாயத்தில், தென்கலை வைஷ்ணவரான அவர் லேக் பக்கத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டார். வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். சீதாராமன் காரை நிறுத்தி இறங்கி, "பரீட்சை பண்றவரே ஓட்டட்டும்" என்று பெரிய மனது செய்தார். திருவேங்கடம் வழக்கப்படி வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கைகளை முன்னால் நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

"சார், ஸ்டியரிங் இந்தப் பக்கம்" என்றார் பின்னாலிருந்து நாகரத்தினம்.

"தெரியும். சீட் எப்படி இருக்குன்னு பாத்தேன்."

இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினார். கியர் போடும் வேலையும் இல்லை. இடது காலுக்கு அந்தக் காரில் உத்தியோகமே கிடையாது. சப்தமில்லாமல் கார் நகர்ந்தது. இருபது, இருபத்தைந்து, முப்பத்தைந்து மைல்.

"இப்போ அந்தக் கைப்பிடி நுனியில கட்டை விரலால ஒரு அழுத்து. அழுத்தினேளா? காலை எடுங்கோ. பயப்படாம எடுங்கோ."

திருவேங்கடம் காலை எடுத்தார். பிள்ளையார் தம் காலை எடுக்கவில்லை போலிருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் அமுங்கினது அமுங்கினபடியே நின்றது. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர், மிகவும் விசுவாசமான ஓர் ஆள், அதன் மேல் தம் காலை வைத்துக்கொண்டு, "நீங்க சிரமப்படாதீங்க எஜமான்" என்று சொல்வது போல் இருந்தது. முள் முப்பத்தைந்தில் அசையாமல் நின்றது. இருபக்கமும் மரங்கள் தாமாகப் பின்னால் போயின. அவருடைய வலது காலின் ஐந்து விரல்களும் செருப்புக்குள் மெள்ள விரிந்தன. இத்தனை வருடமாக அந்தக் கால் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வரும்போல் இருந்தது. இப்படியே, பேசாமல், யாரும் கூப்பிடாமல், ரிட்டயர் ஆகிற வரைக்கும் போய்க்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த கணம், இந்தச் சுகம் சீதாராமனுடையது என்பது ஞாபகம் வந்தது.

அதுவரை அவர் பட்டதெல்லாம் கேள்விப்பட்ட பொறாமை. அதில் ஒரு நம்பிக்கைக்கு இடம் உண்டு: ஒருவேளை அது பொய்யாக இருக்கலாம். இப்போது வந்தது அனுபவித்த பொறாமை. இந்த மனுஷன் இரண்டு வருஷம் தினம் இதில் போனான். தினம்! சப்பணம் போட்டுக்கொண்டு!

ஆடு ஒன்று ரோட்டுக்கு வந்தது. பிரேக்கை மிதித்தார். பட்டன் விட்டுவிட்டது. கார் குலுங்காமல் நின்றது. அதிலும் குறை இல்லை.

"எப்படி?" என்றார் சீதாராமன்.

"இருக்கு, ஒரு மாதிரி. காலைச் சும்மா வச்சிண்டிருந்தா எனக்கு ஒத்துக்கலை. மரத்துப் போறது."

"எனக்கும் முதல்ல அப்படித்தான். பழகிடும்."

பழகிவிட்டது. அதுதான் சங்கடம். ஒரே ஒரு தரம், ஐந்து நிமிஷம் ஓட்டிய அந்தக் காரின் பழக்கம் திருவேங்கடத்தின் காலில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆபீஸ் போகும்போது அம்பாசடரில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் கட்டை விரல் தானாக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் காற்றில் எதையோ தேடும். கால் தானாக மேலே எழும்பும். ஒருநாள் கரியாஹாட் முக்குக்குச் சற்று முன்னால் அப்படி எழும்பி, கார் தயங்கித் தயங்கி நடு ரோட்டில் நின்றே போயிற்று. பின்னாலிருந்த டாக்ஸிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஓ தாதா, கூமோச்சேன் நாக்கி?" என்று, தூங்குகிறீர்களா என்ற கேள்வியை வங்காளியில் மரியாதையாகவே கேட்டார். வீட்டிலும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் வலது காலை மட்டும் தரையிலிருந்து தூக்கி, கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பட்டு இரண்டு தடவை பார்த்தாள். வாயுப்பிடிப்பு என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் வைத்தாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நாகரத்தினம் பேச்சை முடித்துவிடப் பார்த்தார். "அப்போ பரீட்சை பாஸ். கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல ஞாயித்துக்கிழமை பாகவதர் வர்றார். சீதாராமன் சார் வண்டி ஹவுராவுக்குப் போகுது. சரிதானே?"

"சரிதான்" என்றார் திருவேங்கடம். "ஒரே ஒரு விஷயம். ஆரத்தி எங்கே எடுக்கறது?"

"ஏன், எப்பவும் போல கச்சேரி மண்டப வாசல்ல, பிளாட்பாரத்துல" என்றார் நாகரத்தினம்.

"பாகவதர் முன் சீட்டுல வருவார். நம்ம வண்டியில முன் சீட் இடது பக்கம்; பிளாட்பாரத்துல இறங்குவார். பொம்மனாட்டிகள் தட்டோட தயாரா நிப்பா. இவர் வண்டியில இடப்பக்கம் ஸ்டியரிங். பாகவதர் வலப்பக்கம் இறங்கணும். அங்கே என்ன இருக்கு? டிராம் லைன். நம்ம ஆத்து சுமங்கலிகள் எல்லாம் டிராம் லைன்ல நின்னு ஆரத்தி எடுக்கணும்ங்கறேளா?"

அது திருவேங்கடம் பத்து நாளாகத் தூக்கம் இல்லாமல் யோசித்துக் கண்டுபிடித்த விஷயம். சீதாராமனின் முகத்தில் முதன்முறையாக அமெரிக்கா மறைந்து மாயவரம் தெரிந்தது.

"பின் சீட்ல இடப்பக்கம் உக்காத்தி வச்சுட்டாப் போச்சு" என்றார் அவர்.

திருவேங்கடம் இதற்காகத்தான் காத்திருந்தார். அனுதாபத்துடன் தலையை ஆட்டினார். "பின் சீட்டா! பாகவதருக்குப் பின் சீட் ஆகவே ஆகாது, ஓய். தலை சுத்தும். வாந்தி வந்துடும். அப்புறம் கச்சேரி எங்கே? கார்ல வரச்சே எங்கிட்ட அவரே சொன்னார்."

அந்த வாக்கியத்துக்கு அந்த ஹாலில் என்றும் மறுபேச்சு இருந்ததில்லை. அம்பாசடர்தான் போகிறது என்று தீர்மானமாயிற்று. சீதாராமன் தோல்வியைக் கௌரவமாக ஏற்றுக்கொண்டு, தம்புராவையும் பெட்டி படுக்கையையும் தம் காரில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார். திருவேங்கடம் அதற்குச் சம்மதித்தார். ஜெயித்தவர் பார்க்கவாவது அந்தக் கார் பின்னால் வர வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை கோரமண்டல் அதிகம் தாமதிக்காமல் வந்து சேர்ந்தது. பாகவதர் முன் சீட்டில் ஏறி அமர்ந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். பின்னால் பாசிப்பயறு நிறக் காரில் சீதாராமனும், அவருக்கு வலப்பக்கம் நாகரத்தினமும், பின் சீட்டில் உறை போட்ட தம்புராவும். ஹவுரா பாலத்தில் மூட்டைத் தூக்கிகளின் வேகத்தில் இரண்டு கார்களும் நகர்ந்தன. திருவேங்கடத்துக்கு அவசரமில்லை. அடுத்த ஒரு வருடத்துக்கு வேண்டியதைச் சேகரிக்க வேண்டியிருந்தது.

"பைரவியில அந்த தைவதம் இருக்கே, அண்ணா" என்று ஆரம்பித்தார்.

"ஆமாமா" என்ற பாகவதர் தலையைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "பின்னால ஓடம் மாதிரி ஒண்ணு வர்றதே, அது யாரோடது?"

"யாரோ சீதாராமன்னு. சபாவுக்குப் புதுசு. தைவதத்தை ஆரோகணத்துல..."

"அது தானாப் போகுமாமே? ஸ்டேஷன்ல அவர் சொன்னார். காலே வைக்க வேண்டாமாமே?"

"அதெல்லாம் சும்மா, அண்ணா. பீத்தல்."

"பீத்தலா? அடடா." பாகவதர் ஏமாற்றத்துடன் முன்னால் திரும்பினார். ஸ்ட்ராண்ட் ரோடு முழுக்க அவர் தைவதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைதானம் வந்ததும் மறுபடியும் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்கென்னமோ அந்த மனுஷர் பொய் சொல்ற மாதிரி தெரியலை. நீங்க ஓட்டிப் பாத்திருக்கேளா?" என்று கேட்டார்.

திருவேங்கடத்துக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவர், இல்லை என்று சொல் என்றார். இன்னொருவர், இந்தக் கல்கத்தாவிலேயே சீதாராமனை விட்டால் அந்தச் சுகம் தெரிந்தவன் நீ ஒருவன்தானே, இத்தனை நாளில் முதல் முறையாக ஒருவர் உன்னைக் கேட்கிறார், அதுவும் பாகவதர், என்றார். இரண்டாமவர் ஜெயித்தார்.

"ஓட்டியிருக்கேன், அண்ணா. நான்தான் பரீட்சை பண்ணினேன்."

"அப்படியா! எப்படி இருந்தது?"

ரெட் ரோடு காலியாக, நேராக நீண்டு கிடந்தது. திருவேங்கடம் அம்பாசடரை வேகப்படுத்தினார். வர்ணனைக்கு அது தேவைப்பட்டது.

"இதே ரோடுதான், அண்ணா. இதே மாதிரி ஒரு ஸ்பீட். கட்டை விரலால இப்படி ஒரு அழுத்து. அவ்வளவுதான். அப்புறம் காலை மெள்ள எடுத்துட வேண்டியது. எடுத்தா... எப்படிச் சொல்றது... நீங்க ஷட்ஜத்துல நிக்கறேளே, நீங்க நிறுத்தினப்புறமும் தம்புரா பாடிண்டே இருக்குமே, அந்த மாதிரி. நாம ஒண்ணுமே பண்ண வேண்டாம். மரமெல்லாம் தானாப் போறது..."

வாழ்க்கையில் முதல் முறையாகச் சங்கீதத்தைப் பற்றி அவர் சொந்தமாக ஒன்று சொல்லிவிட்டார். பாகவதர் "பேஷ்!" என்றார். திருவேங்கடத்தின் கண்கள் பாதி மூடின. கட்டை விரல் காற்றை அழுத்திக்கொண்டிருந்தது. வலது கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு ஒரு சாண் உயரத்தில், விரல்கள் விரிந்து, நின்றது.

அம்பாசடருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அது தன் இயல்புப்படி வேகம் குறைந்தது. பிரேக்கை யாரும் மிதிக்காததால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை.

பின் காரில், ரெட் ரோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் சீதாராமன் முப்பத்தைந்து மைலில் பட்டனை அழுத்திவிட்டு, நாகரத்தினத்துக்குக் காட்டுவதற்காக இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் மடித்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்தேளா? நயாகரா வரைக்கும் இப்படித்தான்."

"சார், முன்னாடி வண்டி கிட்ட வருது."

"கிட்ட வரலை. அவர் சீராத்தான் போயிண்டிருக்கார். சிவப்பு லைட் எரியலையே."

"சார், வருது சார்! சார்!"

சீதாராமன் பார்த்தார். வந்துகொண்டுதான் இருந்தது. பிரேக்குக்குக் காலை அனுப்பினார். வலது கால் தொடைக்கு அடியில் மரத்துப்போயிருந்தது. இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி முன்னால் போட்டார்; தூக்கின வேளையில் ஸ்டியரிங்கை நாகரத்தினம் பிடித்துக்கொண்டார். கால் பிரேக்கின் மேல் மூட்டை மாதிரி விழுந்தது. கார் வேகம் குறைந்து, அம்பாசடரின் டிக்கியில் ஒரு பெரிய 'தொம்'மோடு போய் உட்கார்ந்தது. பின் சீட்டில் உறைக்குள்ளிருந்த தம்புரா ஒரு தடவை கணீரென்று ஒலித்து ஓய்ந்தது.

ஒருவருக்கும் அடியில்லை. டிக்கி மட்டும் அப்பளம் மாதிரி மடிந்திருந்தது. அமெரிக்கக் காரின் பம்பரை வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார்கள், அழுக்குத்தான் போயிற்று. ஃபுட்பால் ஆடிய பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாட ஆரம்பித்தார்கள். வெள்ளை உடுப்புப் போலீஸ் சார்ஜென்ட் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் வந்த காரில் ஆக்ஸிலரேட்டரில் யார் கால் இருந்தது என்று கேட்டார். யார் காலும் இல்லை. முன்னால் போன காரில்? அதிலும் இல்லை. ஏன் இல்லை என்று திருவேங்கடத்தைக் கேட்டார். திருவேங்கடம் பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜென்ட் இருவரையும் ஓரமாக நிற்கச் சொன்னார்.

நாகரத்தினம் கைதட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தினார். சர்தார்ஜி டிரைவர். தம்புராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாகரத்தினம் முன்னால் ஏறினார்.

கரியாஹாட் பக்கத்தில் மண்டப வாசலில், பிளாட்பாரத்தில், அம்பாசடரின் முன் இடது கதவு எங்கே வந்து நிற்குமோ அந்த இடத்தைக் கணக்குப் பண்ணி, பட்டுவும் நீலாவதியும் ஆரத்தித் தட்டோடு வெகு நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள். பாகவதர் முன் சீட்டில்தான் வருவார், பின் சீட் என்றால் தலை சுற்றும், கச்சேரியே நின்றுபோகும் என்று பட்டு அங்கிருந்த அத்தனை பேருக்கும் விளக்கிச் சொல்லியிருந்தாள். டாக்ஸி வந்து நின்றது. முன் இடது கதவு திறந்தது. நாதஸ்வரக்காரர் மல்லாரியை ஆரம்பித்துவிட்டார். அவசரத்தில் பட்டு தட்டை மூன்று சுற்றுச் சுற்றி, பொட்டும் வைத்துவிட்ட பிறகுதான் அது நாகரத்தினம் என்று பார்த்தாள்.

"பாகவதர் எங்கே?" என்றாள்.

பாகவதர் பின் சீட்டிலிருந்து இறங்கினார். ரெட் ரோட்டிலிருந்து படுத்துத் தூங்கிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குத் தலை சுற்றவில்லை.